கொப்பி மட்டை அளவு தரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. தொண்டைமானாறு பெயரளவில்தான் ஆறு. உண்மையில் அது கடனீரேரி. அந்த ஒன்றும் மாரியில் மட்டும்தான் ஓடும். தெல்லிப்பழைப் பக்கத்து மழைநீரைச் சேர்த்துக்கொண்டு அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று இறங்கி அராலியில் கடனீரேரியோடு கலக்கும். அதன் பெயர் வழுக்கியாறு. வழுக்கலைப் பற்றிய அத்தியாயத்தைத் தொடங்க இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

வேகத்துக்கென்றே செய்த பிக்கப் வாகனங்களுக்கு வானிலையின் பெயரைச் சூட்டுவதில் அமெரிக்கக் கம்பனிகளுக்கு ஒரு காலத்தில் பெரும் மோகம். 1991இல் ஜிஎம்சி விற்ற பிக்கப்பின் பெயர் 'சைக்லோன்', அதாவது புயல். 280 குதிரைவலு, நான்கு சில்லுக்கும் இழுவை. அதே ஆண்டு ஒரு மோட்டார் சஞ்சிகை அதைக் கால் மைல் தூரத்துக்கு ஃபெராரி ஒன்றுடன் ஓடவிட்டுப் பார்த்தது, பிக்கப் முந்தியது. ஃபோர்ட் தன்னுடையதற்கு 'லைட்னிங்' என்று பெயர் வைத்தது. 2001இல் வந்த மின்னலுக்கு 380 குதிரைவலு, இழுவை பின்சில்லுகளுக்கு மட்டும். பெயரில் புயலும் மின்னலும் இருக்கலாம். மழை பெய்யும் வீதியில் அந்தக் குதிரைகளில் எத்தனையை வெளியே விடலாம் என்பது வேறு கேள்வி.

எங்கள் ஊரில் இந்த இனத்துக்குப் பெயர் 'கப்', இரட்டை வரிசை இருக்கை என்றால் 'டபுள் கப்'. இன்றைய ரொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லீற்றர் டீசல் எஞ்சின் தருவது 204 குதிரைவலு, 500 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. மண் ஒழுங்கைக்கும் வயல்வெளிக்கும் இதைவிடக் கூடிய வலு யாருக்கும் தேவைப்படாது. ஆனால் மழையில் கணக்குப் பார்க்க வேண்டியது தரை எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு கற்பனைப் பயணம் போவோம். கார்த்திகை மாதத்து விடியற்காலை, மணற்காட்டிலிருந்து கிளிநொச்சிக்கு. வாகனத்தின் எடை 2,000 கிலோகிராம். பின்தட்டு வெறுமை.

மணற்காடு: காற்றை இறக்கினால்

ஒரு வாகனம் தரையைத் தொடும் இடம் எவ்வளவு? 2,000 கிலோவை நான்கு சில்லும் பகிர்ந்தால் ஒவ்வொன்றின் மீதும் ஏறத்தாழ 5,000 நியூட்டன் பாரம். ரயருக்குள் இருக்கும் காற்றுத்தான் இந்தப் பாரத்தைத் தாங்குகிறது. அமுக்கம் 30 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். பாரத்தை அமுக்கத்தால் வகுத்தால் பரப்பு வந்துவிடும்: ஏறக்குறைய 250 சதுர சென்ரிமீற்றர். பள்ளிப் பிள்ளையின் கொப்பி மட்டையைவிடக் கொஞ்சம் சிறியது. ஐந்து மீற்றருக்கு மேல் நீளமுள்ள வாகனம் முடுக்குவதும் நிறுத்துவதும் திரும்புவதும் அப்படிப்பட்ட நான்கு மட்டைகளை நம்பித்தான்.

வடமராட்சி கிழக்கின் மணல்மேடுகளில் சில்லு புதையும்போது அனுபவசாலிகள் ரயரில் காற்றை இறக்குவார்கள். அமுக்கத்தை 16 பிஎஸ்ஐக்குக் கொண்டுவந்தால் தொடும் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்; மணலின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் மீதும் விழும் பாரம் பாதியாகும்; ரயர் மணலை வெட்டாமல் மேலே மிதந்து போகும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் செய்வதும் இதே வேலைதான்.

மணலைத் தாண்டித் தார் வீதிக்கு வந்தாயிற்று. மழை வலுக்கிறது. பருத்தித்துறையில் காற்றடிக்கும் இடம் இன்னும் திறக்கவில்லை. 'பிறகு அடிப்போம்' என்று நெல்லியடியையும் தாண்டிவிடுகிறோம். அந்தப் 'பிறகு' எவ்வளவு விலையானது என்று வல்லைவெளியில் தெரியும்.

வல்லைவெளி: வினாடிக்கு ஒரு வாளி

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மீது கிடக்கும் தட்டையான நிலம். மலை இல்லை, சரிவு இல்லை. சாதாரண நாளில் மழைநீர் கல்லின் வெடிப்புகள் வழியே கீழே இறங்கிக் கிணற்றுநீராகிவிடும். கார்த்திகை நடுப்பகுதிக்குள் நிலம் குடித்து நிறைந்துவிடுகிறது. கிணறுகள் கட்டு மட்டத்துக்கு ஏறுகின்றன. அதன்பின் பெய்யும் மழைக்குப் போக்கிடம் இல்லை. வீதியின் நடுவை உயர்த்தி ஓரங்களைச் சிறிது தாழ்த்திப் போடுகிறார்களே, அந்த நூற்றுக்கு இரண்டு, மூன்று சரிவுதான் தண்ணீரை விரட்ட இருக்கும் ஒரே ஏற்பாடு. லொறிகளின் சில்லு அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்த இடத்தில் அதுவும் வேலை செய்யாது. நீர் இரண்டு நீண்ட வாய்க்கால்களாக, சரியாக நம் சில்லுகள் போகும் தடத்திலேயே நிற்கும்.

அந்த நீர் 3 மில்லிமீற்றர் ஆழம், ரயரின் அகலம் கால் மீற்றர், வேகம் மணிக்கு 80 கிலோமீற்றர் என்று வையுங்கள். முன்சில்லு ஒவ்வொன்றும் ஒரு வினாடியில் ஒதுக்கித் தள்ள வேண்டிய நீர் ஏறத்தாழ 17 லீற்றர். துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்த காலத்தைக் கண்டவர்களுக்கு இந்த அளவு புரியும். வினாடிக்கு ஒரு பெரிய வாளி என்ற கணக்கில் ரயர் இறைக்கிறது. ரயரின் மேல் வெட்டியிருக்கும் தவாளிப்புகள் அதற்கான வாய்க்கால்கள். புது ரயரில் அவற்றின் ஆழம் 8 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். தேய்ந்து 1.6 மில்லிமீற்றருக்கு வந்தால் பல நாடுகளில் அந்த ரயரோடு ஓடுவது சட்டவிரோதம். வாய்க்கால் தூர்ந்த தோட்டத்தில் நீர் எங்கே போகும்?

இறைத்து முடியாத நீர் ரயருக்கும் தாருக்கும் இடையே ஆப்புப் போல நுழைகிறது. நீரை மோதும்போது எழும் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் அமுக்கம் நான்கு மடங்கு. மணிக்கு 72 கிலோமீற்றர் என்றால் வினாடிக்கு 20 மீற்றர். அந்த வேகத்தில் நீரின் மோதல் அமுக்கம் ஏறத்தாழ 29 பிஎஸ்ஐ. ரயருக்குள் இருக்கும் காற்றின் அமுக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! மோதல் முழுவதும் தூக்குவதற்குப் பயன்படாததால் கதை இன்னும் சிறிது வேகத்துக்குத் தள்ளிப்போகிறது. ஆனால் ஒரு கட்டத்தில் நீர் ரயரைத் தரையிலிருந்து முற்றாகத் தூக்கிவிடும். கொப்பி மட்டைகள் நான்கும் இல்லாமல் போய்விடும். ஸ்டியரிங் திடீரென்று கையில் பாரமற்றுச் சுழலும். இதைத்தான் நீர்மிதப்பு என்கிறோம்.

மழைநீர் தேங்கிய ஓடுபாதைகளில் விமானங்கள் வழுக்குவதை ஆராய்ந்த நாசாவின் வால்டர் ஹோர்ன், றொபேட் ட்றேயர் இருவரும் 1963இல் இதற்கொரு எளிய வாய்ப்பாட்டைத் தந்தார்கள். ரயர் அமுக்கத்தின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்குங்கள், மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று வரும். அதில் வாகனத்தின் எடையும் இல்லை, எஞ்சினின் வலுவும் இல்லை. 36 பிஎஸ்ஐ என்றால் வர்க்கமூலம் 6. மிதப்பு வேகம் 100. மணற்காட்டில் இறக்கிய 16 பிஎஸ்ஐ என்றால் வர்க்கமூலம் 4. மிதப்பு வேகம் வெறும் 67. தேய்ந்த ரயரும் அகன்ற ரயரும் இதற்கும் முன்பே மிதக்கக்கூடும். மணலில் மிதக்க வைத்த அதே உபாயம், மறந்துவிட்டால், வல்லைவெளியிலும் மிதக்க வைக்கும்.

அங்கே இன்னொன்றும் காத்திருக்கிறது. இருபுறமும் மரமோ வீடோ இல்லாத அந்த வெளியில் வாடைக்காற்றுக்குத் தடுப்பு இல்லை. பிக்கப்பின் பக்கவாட்டுப் பரப்பு சுமார் 7 சதுர மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றரில் குறுக்கே வீசும் காற்று அதை ஏறத்தாழ 1,200 நியூட்டன் விசையோடு தள்ளும். இரண்டு வளர்ந்த ஆட்களின் எடை பக்கவாட்டில் சாய்ந்ததற்குச் சமம். காற்று 100 ஆனால் 3,200 நியூட்டனைத் தாண்டும், இங்கும் அதே வர்க்கக் கணக்கு. ரயர் தரையைப் பிடித்திருக்கும்வரை இது ஸ்டியரிங்கில் ஒரு சிறு இழுப்பு. ரயர் மிதக்கும் அந்த ஒரு வினாடியில் தடுத்து நிறுத்த எதுவுமே இல்லை.

மிதப்பதை உணர்ந்தால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: காலை மெதுவாக எடுப்பது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருப்பது. பிறேக்கை ஓங்கி மிதித்தால் சில்லு சுழல்வதை நிறுத்திவிடும்; சுழலாத சில்லு நீரை இறைக்காது.

நீர்வேலி: வெறும் தட்டின் பலவீனம்

ஒருவழியாக வல்லையைக் கடந்து, காற்றடித்துக்கொண்டு, அச்சுவேலி, ஆவரங்கால், புத்தூர் தாண்டி நீர்வேலிக்கு வந்தாயிற்று. தோட்டத்திலிருந்து ஏறிய உழவு இயந்திரம் ஒன்று வீதியில் செம்மண்ணைப் பூசிவிட்டுப் போயிருக்கிறது. இங்கே தண்ணீர் ஆழமில்லை. ஆனால் மண்ணும் நீரும் குழைந்த மெல்லிய படை தாருக்கும் ரயருக்கும் இடையே எண்ணெய் போலக் கிடக்கிறது. ஐப்பசியின் முதல் மழையும் இப்படித்தான்: மாதக்கணக்கில் தாரில் படிந்த தூசியையும் எண்ணெயையும் கழுவிப் போகுமுன் குழப்பித் தரும். அடை மழையைவிட முதற்சாரலின் பத்து நிமிடங்கள் பொல்லாதவை.

உராய்வுக்கு ஒரு பழைய விதி உண்டு. பிரான்சின் கியோம் அமொன்ரோன் 1699இல் சொன்னது: உராய்வு விசை, பாரத்துக்கு நேர்விகிதம். பாரத்தை எந்த எண்ணால் பெருக்கினால் உராய்வு கிடைக்குமோ அது உராய்வுக் குணகம். இறப்பர் இந்த விதிக்கு முழுதாகக் கட்டுப்படாது; ஆனாலும் நம் கணக்குக்கு இது போதும். காய்ந்த தாரில் குணகம் ஏறத்தாழ 0.7. நனைந்த தாரில் 0.4. சேற்றில் இன்னும் கீழே.

வெறும் பிக்கப்பின் எடையில் பெரும்பங்கு எஞ்சின் இருக்கும் முன்பக்கத்தில். பின்சில்லுகள் சுமப்பது சுமார் 800 கிலோ. நனைந்த தாரில் அவை தரைக்குக் கொடுக்கக்கூடிய உச்ச விசை ஏறத்தாழ 3,100 நியூட்டன். எஞ்சின் பக்கம் பாருங்கள். 500 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, முதல் கியரிலும் பின்னச்சிலும் பெருகி ஏறத்தாழ 13 மடங்காகிறது. சில்லின் ஆரையால் வகுத்தால் 17,000 நியூட்டன். தரை வாங்கிக்கொள்ளக்கூடியதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். மீதி எங்கே போகும்? சில்லைச் சும்மா சுற்றும், வாகனத்தின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் வீசும். வலு கூடக்கூட வலப்பாதம் கற்றுக்கொள்ள வேண்டிய நிதானமும் கூடுகிறது.

நீர்வேலியில் நாம் ஏற்றப்போவது வாழைக்குலை. 700 கிலோவைப் பின்னச்சுக்கு மேலே அடுக்கினால் பின்சில்லுகளின் பிடி 5,900 நியூட்டன் அளவுக்கு ஏறும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சுமையோடு பிக்கப் மழையில் அமைதியாக ஓடுவதன் இரகசியம் இதுதான். சுமை ஏற்றவென்று கடினமாகச் செய்த பின்வில்கள் வெறும் தட்டோடு துள்ளும். துள்ளும் ஒவ்வொரு முறையும் சில்லு தரையைக் கைவிடும். ஆனால் குலைகளைத் தட்டின் வாலில் குவித்தால் முன்பக்கம் இலேசாகி ஸ்டியரிங் மழுங்கிவிடும். எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதோடு எங்கே ஏற்றுகிறோம் என்பதும் சேர்ந்ததுதான் பிடி.

நான்கு சில்லு இழுவையைப் போட்டால் வெறும் வாகனத்துக்கே 7,800 நியூட்டன்வரை கிடைக்கும். சேற்றிலிருந்து கிளம்பவும் ஒழுங்கையில் ஏறவும் இது பெரிய உதவி. ஆனால் இந்த உதவி முன்னே போவதற்கு மட்டும். இனி வருவது நிற்பதைப் பற்றி.

கண்டி வீதி: நிற்கும் கணக்கில் குதிரை இல்லை

கோப்பாய், கைதடி வழியாகக் கண்டி வீதியில் ஏறுகிறோம். சாவகச்சேரி, கொடிகாமம், பளை. நேரான, வேகத்துக்கு ஆசைகாட்டும் வீதி. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகையில் முன்னே ஒரு மாடு குறுக்கிடுகிறது. கண் கண்டு கால் பிறேக்கைத் தொட ஒன்றரை வினாடி. அதற்குள் 25 மீற்றர் கடந்துவிட்டது. அதன்பின் காய்ந்த தாரில் 20 மீற்றரில் நிற்கலாம். நனைந்த தாரில் 35. வேகம் 80 என்றால் ஈரத்தில் பிறேக்குக்கு மட்டும் 63 மீற்றர், யோசிக்கும் நேரத்தில் ஓடிய 33 தனி.

இந்தத் தூரத்தைத் தரும் சமன்பாட்டில் இருப்பவை மூன்றே: வேகம், உராய்வுக் குணகம், புவியீர்ப்பு. எடை இருபுறமும் வெட்டுப்பட்டுப் போகிறது. குதிரைவலு அந்தப் பக்கமே வருவதில்லை. யாழ்ப்பாணத்து வீதிகளில் நீண்ட காலம் ஓடிய, போர்க்கால எரிபொருள் தடையில் மண்ணெண்ணெயிலும் ஓடிய ஒஸ்ரின் ஏ-40க்கு வலு நாற்பது குதிரை அளவில். ஒரே மாதிரி ரயரும் நல்ல பிறேக்கும் இருந்தால், 204 குதிரை வாகனமும் அந்த ஏ-40உம் ஈரத்தில் நிற்க ஒரே தூரம்தான் எடுக்கும். நான்கு சில்லு இழுவையாலும் இங்கே பயனில்லை. பிறேக் எல்லா வாகனத்திலும் நான்கு சில்லுக்கும்தான். ஆனால் வலுவுள்ள வாகனம் அந்த 80ஐச் சாரதிக்குத் தெரியாமலே எட்டிவிடும். பிடிப்பு நன்றாக இருக்கிறதென்ற நம்பிக்கையை இழுவையில் பெற்று, அதைப் பிறேக்கில் செலவழிக்கிறோம்.

மாட்டைச் சுற்றிக்கொண்டு போகலாமே? அதற்கும் அதே கொப்பி மட்டைதான். ஒரு ரயரின் மொத்தப் பிடியை 100 பங்கு என்று வையுங்கள். பிறேக்கும் திருப்பமும் ஒன்றுக்கொன்று செங்குத்தான விசைகள் என்பதால் பைதகரசின் கணக்குப்படி பங்குபோடப்படும். பிறேக்குக்கு 60 எடுத்தால் திருப்பத்துக்கு 80 மீதி. 80 எடுத்தால் 60. பிறேக்குக்கே 100ஐயும் கொடுத்துவிட்டால் திருப்பத்துக்குப் பூச்சியம்: ஸ்டியரிங் திரும்பும், வாகனம் நேரே போகும். ஏபிஎஸ் செய்வது இந்தப் பங்கீட்டைத்தான். சில்லு பூட்டிக்கொள்ளும் தறுவாயில் பிறேக்கை வினாடிக்குப் பலமுறை தளர்த்தித் தளர்த்தித் திருப்பத்துக்குக் கொஞ்சம் மீதம் வைக்கிறது. மொத்தமான 100ஐ 101 ஆக்க அதனால் முடியாது.

ஆனையிறவுக்கு அப்பால்: ஓடும் நீர்

உப்பளத்தைப் பக்கத்தில் விட்டு ஆனையிறவைக் கடக்கும்போது பூகோளம் மாறிவிடுகிறது. குடாநாட்டு வெள்ளம் பெரும்பாலும் நிற்கும் வெள்ளம். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோதும் 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோதும் குடாநாட்டின் தாழ்ந்த இடங்கள் குளங்களாயின. முற்றத்தில் முழங்காலளவு நீர் நாட்கணக்கில் கிடந்தது. அப்படி நிற்கும் நீரை மெதுவாகக் கடந்து பழகிய சாரதிதான் பெருநிலத்துக்கு வருகிறார். இங்கே இரணைமடுக் குளம் இருக்கிறது. கனகராயன் ஆறு இருக்கிறது. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி கண்டதைப் போல, ஓடும் வெள்ளம் இருக்கிறது.

வீதியின் மேலாக நீர் பாயும் ஒரு மதகுக்கு முன்னே நிற்கிறோம். வாகனத்தின் கையேடு 700 மில்லிமீற்றர் ஆழம்வரை போகலாம் என்கிறது. அந்த எண் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியது: காற்று உறிஞ்சும் குழாய்க்கு நீர் எட்டாத உயரம். எட்டினால் உருளைக்குள் நீர் புகும். காற்றைப் பதினைந்து மடங்கு சுருக்கப் பழகிய ஆடுதண்டு, சுருங்காத நீரை அழுத்தப் பார்த்து, தன் கோலை வளைத்துக்கொள்ளும். ஆற்றுக்கு வாகனத்தின் மீதுள்ள உரிமை பற்றிக் கையேட்டு எண் எதுவும் சொல்வதில்லை. அதை ஆர்க்கிமிடீசிடம் கேட்க வேண்டும்.

வாகனத்தின் தளம் தரையிலிருந்து 40 சென்ரிமீற்றர் உயரம், பரப்பு 5 சதுர மீற்றர் என்று வைப்போம். தளத்துக்கு மேல் நீர் ஏறும் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றரும் 500 கிலோவைத் தூக்கும். ஆழம் 70 ஆகும்போது 1,500 கிலோ காணாமற் போயிருக்கும். வெறும் வாகனத்தில் மீதி 500 கிலோ. அதன் பிடி 2,000 நியூட்டன். வாழைக்குலையோடு 1,200 கிலோ, பிடி 4,700. நீர் வினாடிக்கு 2 மீற்றர், மெதுவாக ஓடும் ஒருவரின் வேகத்தில் பாய்ந்தால் மூழ்கிய பக்கத்தை ஏறத்தாழ 4,200 நியூட்டனால் தள்ளும். வெறும் வாகனம் போய்விட்டது. சுமையுள்ளது மயிரிழையில் நிற்கிறது. வேகம் 3 மீற்றர் ஆனால் தள்ளும் விசை 9,000ஐத் தாண்டும். அப்போது சுமையும் காப்பாற்றாது. 60 சென்ரிமீற்றர் விரைநீர் பிக்கப்பையும் இழுத்துச் செல்லும் என்று அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை எச்சரிப்பதன் பின்னால் இருப்பது இதே வகைக் கணக்கு.

பெரிய சில்லும் பெரிய எடையும் போதும் என்று நினைக்க இடமில்லை. 2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில், மத்ரசா மாணவர்களை ஏற்றிக்கொண்டு வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர்கள் பலர் உயிரிழந்தார்கள். 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு, பாக்குநீரிணையின் மறுகரையில், தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த ரயிலையே கடல் கொண்டுபோனது.

பழுப்பு நிற நீர் தன் ஆழத்தைச் சொல்லாது. அதன் அடியில் வீதி இன்னும் இருக்கிறதா என்றும் சொல்லாது. மதகின் ஓரக்கல் கண்ணுக்குத் தெரியவில்லை. மேற்பரப்பில் ஒரு தென்னோலை மிதந்து வருகிறது. வீதியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, ஏழு மீற்றர் தூரத்தை, மூன்று வினாடிக்குள் கடந்துவிடுகிறது. வினாடிக்கு இரண்டரை மீற்றர் அளவு. இதுவரை போட்ட கணக்கில் நமக்கு வேண்டியிருந்த கடைசி எண் இதுதான்.

பின்கியருக்கும் முதல் கியரளவு பெருக்கம் உண்டு. அங்கேயும் எஞ்சின் அதே 17,000 நியூட்டனைத் தரும். நமக்கு அதில் இரண்டாயிரம் போதும்.